டர்போ இழுக்கவில்லையா? முதலில் கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள்

என்னுடைய காடி ஒரு பழைய புரோட்டோன் வீரா. உள்ளே இருப்பது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரிலிருந்து வந்த 4ஜி93 டர்போ என்ஜின், 1.8 லிட்டர். புகைக்காற்றால் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊதும் சாமான்தான் டர்போ. கோலாலம்பூரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. வீராவே லான்சரின் உடம்பில் பிறந்த காடி என்பதால், ஹாஃப்கட் கடைக்கு (பழைய காடிகளை வெட்டி விற்கும் கடை) முன்பாதியாக வந்திறங்கும் ஜிஎஸ்ஆர் என்ஜின் அதில் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த ஒன்றை செந்தூலில் வீட்டு வாசலில் வைத்து வருடக்கணக்காக நோண்டியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்கிய முதல் வருடமே காடி சோர்ந்துவிட்டது. மூன்றாவது கியரில் மிதித்தால் சத்தம் மட்டும் வரும், காடி நகராது. முதலில் போன பட்டறையில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டர்போ போயிடுச்சு, 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். காசு இல்லாததால் பிழைத்தேன். செகாம்புட்டில் ஒரு வயதான போர்மேன், காடியை ஜாக்கியில் கூட ஏற்றாமல், பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது விரல் நுனியெல்லாம் ஆயில். இன்டர்கூலருக்கு, அதாவது டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் சாமானுக்கு, போகிற ரப்பர் குழாய் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, டர்போ நல்லாத்தான் ஊதுது. நீதான் ரோட்டுக்கு ஊதிக்கிட்டு இருக்கே" என்றார். குழாயை இறுக்கிப் பிடிக்கும் புது கிளாம்ப் 6 வெள்ளி.

அன்றிலிருந்து எந்த அறிகுறி வந்தாலும் மலிவான பொருளிலிருந்துதான் தொடங்குகிறேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான். இன்னொன்று, நம் ஊரில் பெட்ரோலையும் எண்ணெய் என்போம், என்ஜினுக்குள் ஊற்றுவதையும் எண்ணெய் என்போம். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பெட்ரோல், ஆயில் என்றே எழுதுகிறேன்.

காடி நன்றாக இருக்கும்போதே குறித்து வைக்க வேண்டியவை

நோய் வந்த பிறகு அளந்தால் எதோடு ஒப்பிடுவது? அதனால் காடி நன்றாக ஓடுகிற காலத்திலேயே நாலு எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். முதலாவது, என்ஜின் சூடாகி, ஏர்கோன் அணைத்து, சும்மா நிற்கும்போது பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) மீட்டர் காட்டும் வெற்றிடம். ஆரோக்கியமான என்ஜினில் அது மைனஸ் பக்கம் 0.6 முதல் 0.7 பார் வரை இருக்கும். இரண்டாவது, முழுதாக மிதித்தால் பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறது, எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) அங்கே போய்ச் சேருகிறது. மூன்றாவது, அந்த நேரத்தில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம். நான்காவது, நெரிசலில் நிற்கும்போது தண்ணீர்ச் சூடு.

மூன்றாவது எண்ணுக்கு வைட்பேண்ட் மீட்டர் தேவை. பூஸ்ட் ஏற்ற ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான். பெரிய டர்போ எல்லாம் அப்புறம். மீட்டருக்குக் காசு இல்லை, டர்போவுக்கு மட்டும் இருக்கிறது என்று சொல்கிற தம்பிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆறு மாதத்தில் அவர்கள் என்ஜினுக்கும் காசு தேட வேண்டியிருக்கும்.

ஓபிடி துளை (ஸ்கேனர் செருகும் இடம்) உள்ள காடி என்றால் பிழைக் குறியையும் படித்துவிடுங்கள். பி0299 வந்தால் பூஸ்ட் குறைவு, பி0234 வந்தால் பூஸ்ட் அளவுக்கு மேல். அந்தக் குறி ஒரு திசையை மட்டும்தான் காட்டும். பி0299 பார்த்தவுடன் டர்போ வாங்க ஓடாதீர்கள்.

முழு பூஸ்ட் சோதனையைச் சாலையில் செய்யாதீர்கள். டைனோ (காடியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) உள்ள கடையில் ஒரு மணி நேரம் வாடகைக்குப் பிடித்தால் சாலையில் ஒரு வாரம் சுற்றினாலும் தெரியாதது தெரியும்.

மிதித்தால் 'புஸ்' சத்தம், மீட்டர் பழைய எண்ணுக்கு ஏறவில்லை

பத்தில் ஏழெட்டு டர்போ காடிகள் இந்த அறிகுறியோடுதான் வரும். டர்போ அழுத்திய காற்று என்ஜினுக்குள் போகாமல் வழியிலேயே ஓடிவிடுகிறது. புகை கொஞ்சம் கறுப்பாக வரலாம். காற்றின் அளவை ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே அளக்கிற காடிகளில், வழியில் தப்பிய காற்றுக்கும் சேர்த்து ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோல் ஊற்றிவிடும். 4ஜி93 டர்போவும் அந்த வகைதான்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். குழாய் பொருத்தியிருப்பதுபோலவே இருக்கும், அழுத்தம் வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். அதற்கு ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். ஜாலான் ஈப்போவில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் பிவிசி குழாய் மூடி கிடைக்கும். டர்போவின் வாய்க்குப் போகும் குழாயின் உள்ளளவுக்கு ஏற்றதாக ஒன்று வாங்குங்கள். நடுவில் துளை போட்டு, டயர் காற்று வால்வு ஒன்றை நட்டு வைத்து இறுக்குங்கள். மொத்தச் செலவு 20 வெள்ளியைத் தாண்டாது.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டரையும் காற்றளவு சென்சாரையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டர்போவின் வாய்க் குழாயில் மூடியைச் செருகி கிளாம்ப் போடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரை வால்வில் மாட்டி மெதுவாக ஏற்றுங்கள். 15 பிஎஸ்ஐ போதும், அதாவது சுமார் 1 பார். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் கல் மாதிரி வரும். இப்போது பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே வாருங்கள். நுரை கட்டுகிற இடத்தில் ஓட்டை.

என் காடியில் கடந்த முறை நுரை கட்டியது இன்டர்கூலர் குழாயில் இல்லை, த்ராட்டில் பாடியின் (மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) ஓரத்தில் இருந்த சுண்டுவிரல் நீள வெற்றிடக் குழாயில். ரப்பர் காய்ந்து மயிரிழை வெடிப்பு. விரலால் வளைத்தால்தான் வாய் தெரியும். பழைய என்ஜினில் இப்படிப்பட்ட குழாய்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சிலிகான் குழாயாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எது எங்கே என்று தேடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சத்தம் என்ஜினுக்குள்ளிருந்தே வருகிறது என்றால் அது எப்போதும் பிழை ஆகாது. ஏதாவது ஒரு சிலிண்டரின் உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கலாம். என்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கைக் கையால் சற்றுத் திருப்பினால் நின்றுவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அங்கே காற்று பலமாகச் சீறுகிறதா? அப்படியென்றால் என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு, காற்று எதிர்த்திசையில் வராதபடி அடைக்கவில்லை. அந்த வால்வு மலிவு. ஆனால் அதை மாற்றாமல் விட்டால், கீழே புகைப் பகுதியில் சொல்கிற தொல்லைக்குக் கொண்டுபோய் விடும்.

எங்கேயும் நுரை இல்லை, ஆனாலும் பூஸ்ட் வரவில்லை என்றால் வேஸ்ட்கேட்டைப் பாருங்கள், மிஞ்சிய புகைக்காற்றை டர்போ சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் வழி அது. அதன் கதவு முழுதாக மூடாமல் கரி பிடித்து நின்றிருக்கலாம், அதை இயக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதற்கும் பிறகு, எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் காடி மூச்சு முட்டும். இவை எல்லாம் சரி என்ற பிறகே டர்போவின் தண்டு பக்கம் போங்கள்.

பூஸ்ட் எகிறிக்கொண்டே போய், யாரோ பின்னாலிருந்து பிடித்ததுபோல் வெட்டுகிறது

இது நேர் எதிர்ப் பிரச்சினை, அபாயம் அதிகம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பூஸ்ட் கண்ட்ரோலரால் பூஸ்டைக் கூட்டத்தான் முடியும். வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே அதனால் இறக்க முடியாது. 0.8 பார் ஸ்பிரிங் போட்டுவிட்டு 0.6 வேண்டும் என்று கண்ட்ரோலரைத் திருகிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும்.

ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்னக் குழாய் கழன்றிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அது கழன்றால் வேஸ்ட்கேட்டுக்குத் திற என்று சொல்ல ஆளே இல்லை. டர்போ தன்னால் முடிந்தவரை ஊதும். காற்று அளவு மீறினால் ஈசியு பெட்ரோலை வெட்டி என்ஜினைக் காப்பாற்றுகிறது. அந்த 'டக்'கென்ற வெட்டு அதுதான். வெட்டு வரக்கூடாது என்று அந்தப் பாதுகாப்பை ஏமாற்றும் சாமான்களும் விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

குழாய் சரியாகவே இருக்கிறது. கண்ட்ரோலரை முழுவதும் தளர்த்தியும், ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்டும் மெல்ல ஏறுகிறது. இது பெரும்பாலும் பெரிய எக்ஸாஸ்ட் போட்ட மறுநாள் தொடங்கும். வெளியே போகும் வழி சுலபமாகிவிட்டதால் புகைக்காற்று டர்போவின் சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றுகிறது. வேஸ்ட்கேட்டின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது, அவ்வளவு காற்றையும் அதனால் திருப்பிவிட முடியவில்லை. துளையைக் கடைந்து பெரிதாக்குவது ஒரு வழி, வெளி வேஸ்ட்கேட் இன்னொரு வழி. ஒரு கணம் மட்டும் எண் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றால் அது வேறு கதை. கண்ட்ரோலரின் அமைப்பைச் சற்று நிதானப்படுத்தினால் போதும்.

பூஸ்ட் வருகிறது, ஆனால் மேலே போனதும் திக்குகிறது

'பட பட' என்று விட்டு விட்டு எரிந்தால் ஸ்பார்க் பிளக். அழுத்தம் கூடிய காற்றில் பொறி தாவுவது கடினம், இடைவெளி அதிகமாக இருந்தால் பொறியே அணைந்துவிடும். 1.1 மில்லிமீட்டரில் இருந்தால் 0.7 அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாதிக் காடிகள் இதிலேயே குணமாகும். பூஸ்ட் கூட்டியிருந்தால் ஒரு படி குளிர்ந்த பிளக் போடலாம். என்ஜிகேயில் எண் பெரிதானால் பிளக் குளிர்ந்தது, 6க்கு அடுத்தது 7. அதற்கும் அடங்காவிட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் பிளக் வயரையும் பாருங்கள். இரவில் இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்ஜினை ஓடவிட்டால் வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை வைக்காதீர்கள்.

மேல் ஆர்பிஎம்மில் வைட்பேண்ட் எண் 13ஐத் தாண்டுகிறது

கால் எடுங்கள். மீதியை நிறுத்திய பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று போதும் என்பது கணக்கு. ஆனால் முழு பூஸ்டில் இருக்கிற டர்போ என்ஜினுக்கு 11 முதல் 12 வரை வைத்திருக்க வேண்டும். கூடுதலாகப் போகும் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. 13ஐத் தாண்டினால் பிஸ்டன் உருகும் திசையில் போகிறீர்கள்.

என்ஜின் மாற்றிய காடிகளில் நான் அதிகம் பார்த்த காரணம் ஒன்று உண்டு. புது டர்போ என்ஜின், பழைய டேங்க், அதற்குள் டர்போ இல்லாத காலத்துப் பெட்ரோல் பம்ப். தாழ்வான வேகத்தில் அது சமாளிக்கும். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோலைத் தள்ளி முடிக்காது. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் இந்த அளவு என்ஜினுக்குத் தாராளம்.

பம்ப் மாற்றியும் எண் இறங்கவில்லையா? வயரைப் பாருங்கள். காடி 30 வருடப் பழசு, பின்னால் டேங்க் வரைக்கும் போகிற அந்த மெல்லிய வயரும் 30 வருடப் பழசு. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், பம்பின் பிளக்கில் 11 வோல்ட் இருந்தால் பம்ப் பாதித் தூக்கத்தில்தான் ஓடும். பேட்டரியிலிருந்து பியூஸோடு ஒரு தடித்த வயர் இழுத்து, ரிலே போட்டுக் கொடுங்கள். அரை நாள் வேலை. அப்புறம் பெட்ரோல் ரெகுலேட்டர். பூஸ்ட் 1 பார் ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் 1 பார் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதற்குப் போகும் வெற்றிடக் குழாயைத்தான் முதலில் சந்தேகியுங்கள். மறுபடியும் ஒரு சுண்டுவிரல் குழாய்!

தகர டின்னில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல் சத்தம்

நாக்கிங். பிளக் பொறி வைக்கும் முன்போ பின்போ கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டன் தலையில் அடிக்கிறது. காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏர்கோனையும் போட்டுக்கொண்டு, கியரை இறக்க மனமில்லாமல் மிதித்தால் நன்றாகக் கேட்கும்.

முதலில் உடனடி மருந்து. காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். அப்புறம் காரணம் தேடுங்கள். டியூன் (ஈசியுவில் பெட்ரோல் அளவையும் பொறி நேரத்தையும் அமைப்பது) செய்தது எந்தப் பெட்ரோலுக்கு? ரோன் 97 (ரோன் என்பது ஆக்டேன் எண், கூடினால் நாக்கிங்கைத் தாங்கும்) ஊற்றி டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் ரோன் 95க்கு இறங்கினால் டைமிங் (பொறி வைக்கும் நேரம்) பொருந்தாது. ரோன் 97 விலை ஆடிக்கொண்டே இருக்கும், பை இளைத்தால் கை தானாக 95 பக்கம் போவது எனக்கும் தெரியும். அப்படியானால் 95க்கே டியூன் செய்துகொள்ளுங்கள், குதிரைச் சக்தி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். ரோன் 100 விற்கும் நிலையங்களும் உண்டு. ஆனால் டியூன் மாறாமல் அதை ஊற்றினால் பழைய காடியில் சக்தி கூடாது, பாதுகாப்பு மட்டும்தான் கூடும்.

உள்ளே போகும் காற்றின் சூடு இரண்டாவது காரணம். நம் ஊர் மத்தியானம் நிழலிலேயே 33 டிகிரி. டர்போ அழுத்தும்போது காற்று நூறைத் தாண்டிவிடும், இன்டர்கூலர் அதைக் கீழே கொண்டுவந்தால்தான் உண்டு. வெளிநாட்டு வீடியோவில் பனி கொட்டும் ஊரில் 1.2 பார் ஓட்டுகிறான் என்று பார்த்துவிட்டு அதே எண்ணை இங்கே வைக்காதீர்கள். அவனுக்குக் கிடைக்கிற காற்றே குளிர்பெட்டியிலிருந்து வருகிறது.

பிசிவி வழியாக ஆயில் ஆவி உள்ளே போனாலும் பெட்ரோலின் ஆக்டேன் மதிப்பு இறங்கி நாக்கிங் வரும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மெல்லிய ஈரம் சகஜம். விரலிலிருந்து சொட்டினால் ஆயில் கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) போடும் நேரம் வந்துவிட்டது.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மேலே சொன்ன சோப்புத் தண்ணீர் சோதனைக்குத் திரும்புங்கள். வெள்ளையாக, சற்று இனித்த வாடையோடு வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே எரிகிறது. ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் குமிழ் குமிழாகப் பொங்கும்.

நீலப் புகைதான் சண்டை மூட்டுகிறது. நீலம் வந்தாலே டர்போ சீல் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பொறுங்கள். காலையில் சாவி போட்டவுடன் ஒரு மூட்டைப் புகை, அப்புறம் இல்லை என்றால் வால்வ் சீல். ஓடும்போது எப்போதும் வருகிறது, மிதித்தால் கூடுகிறது என்றால் பிஸ்டன் ரிங். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பும்போது பின்னால் வருகிறவரை மறைக்கிற அளவு வந்தால்தான் டர்போ பக்கம் பார்க்க வேண்டும்.

அப்போதும் டர்போவே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நாம் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் டர்போவின் தண்டில் கிடையாது. மோதிரம் போன்ற மெல்லிய உலோக வளையம்தான் இருக்கிறது. அழுத்தத்தோடு உள்ளே வரும் ஆயில், வேலை முடிந்ததும் தன் எடையாலேயே கீழே வழிந்து ஆயில் தொட்டிக்குப் போக வேண்டும். அந்த இறங்கு குழாய் நேராக, அகலமாக, தொங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். அடைத்தால் ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் போய் எரிகிறது.

நண்பன் ஒருவன் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ மாற்றினான், இரண்டும் புகைந்தன. மூன்றாவது வாங்கும் முன் இறங்கு குழாயைக் கழற்றச் சொன்னேன். குழாய் இணையும் ஃபிளாஞ்சில் கேஸ்கெட்டுக்குப் பதிலாக யாரோ சிவப்பு சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். இறுக்கும்போது அது உள்பக்கம் பிதுங்கி, கட்டைவிரல் அளவு துளையில் பென்சில் அளவுதான் மீதி. பசையைச் சுரண்டிவிட்டுக் காகித கேஸ்கெட் போட்டோம். 'கெட்டுப்போன' இரண்டாவது டர்போதான் இன்றைக்கும் அந்தக் காடியில் ஓடுகிறது. பிசிவி அடைத்து என்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலும் இதே கதைதான், ஆயில் கீழே இறங்க முடியாமல் மேலே நிற்கும்.

தண்டை ஆட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறிய டர்போவின் தண்டு மேலும் கீழும் கொஞ்சம் ஆடுவது இயல்பு, ஓடும்போது அந்த இடைவெளியில் ஆயில் படலம் நின்று தாங்கும். உள்ளே வெளியே இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. சக்கரத்தின் இறகு சுவரில் உரசிய கோடு இருந்தால் பேச்சே இல்லை, டர்போ இறங்க வேண்டும்.

காலையில் பறக்கிறது, நெரிசலில் நின்ற பிறகு படுத்துவிடுகிறது

தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலைப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு சாலை திறந்ததும் மிதித்தால் காடி 1.3 லிட்டர் மாதிரி நகரும். இன்டர்கூலர் சூட்டில் ஊறிப்போயிருக்கிறது. ஐந்து நிமிடம் காற்றுப் பட ஓடினால் திரும்பிவிடும், இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். தண்ணீர்ச் சூடும் சேர்ந்து ஏறினால்தான் வேலை இருக்கிறது. பெரிய இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மறைத்து நிறுத்தி, நடுவில் ஏர்கோன் கண்டென்சர், பின்னால் களைத்துப்போன விசிறி என்றால் காற்று எங்கே போகும்? இன்டர்கூலருக்கும் பம்பருக்கும் இடையில் இருக்கும் சந்துகளைத் தகடு வைத்து மூடுங்கள், வரும் காற்று சுற்றிக்கொண்டு தப்பாமல் உள்ளே போகட்டும். அலங்காரத்துக்குப் பெரிய இன்டர்கூலர் போடுவதைவிட இந்தத் தகடு எனக்கு அதிகம் உதவியது.

மலையேறி கெந்திங் செம்பாவில் தே தாரிக் குடிக்க நிறுத்துகிறீர்களா, உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஓரிரு நிமிடம் சும்மா ஓடட்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிய தண்டு அது. ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளே மிஞ்சியது கரியாகி, ஆயில் வரும் துளையை அடைக்கும்.

சின்னச் சின்னவை

கியர் மாற்றும்போது எக்ஸாஸ்டில் வெடிப்பு, சில சமயம் என்ஜினே நின்றுவிடுகிறது என்றால் புளோ-ஆஃப் வால்வ். அளந்து முடித்த காற்றை 'ப்ஸ்ஸ்' என்று வெளியே விட்டுவிடுகிறது, பெட்ரோல் மட்டும் மிஞ்சுகிறது. காற்றைத் திரும்ப டர்போ வாய்க்கே அனுப்பும் வகையைப் போட்டால் சரியாகும். சத்தம் போய்விடுமே என்று வருத்தப்படுவார்கள், என்ன செய்வது.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது. கிளட்ச் வழுக்குகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி டர்போ ஊளையிட்டால் இரண்டு சாத்தியம். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு, அல்லது இறகு அடிபட்டிருக்கிறது. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள்.

புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அட்டிவா போன்ற புதுக் காடிகள்

தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வருகிற சின்ன என்ஜின்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வகைக்குத் தனியாக ஒரு ஆபத்து உண்டு. தாழ்ந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில், முழுதாக மிதித்தால் பொறி வைப்பதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கலாம். பிஸ்டனே உடையலாம். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில் இதையும் சோதித்துத் தேறியது, டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஈசியுவை மட்டும் மாற்றி எழுதிச் சக்தி கூட்டித் தருகிறோம் என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் அட்டிவாவின் சிவிடி கியர்பெட்டியோ எக்ஸ்50இன் டூயல் கிளட்ச்சோ அந்தக் கூடுதல் இழுவையைத் தாங்குமா என்ற கேள்விக்கு எழுதிக் கொடுக்கிறவர் பொறுப்பேற்க மாட்டார், வாரண்டியும் அன்றோடு போகும்.

எல்லாம் சரி, இப்போது கூட்டலாமா?

கூட்டலாம். கூட்டும் முன் ஒரு கம்ப்ரஷன் சோதனை. என்ஜின் சூடாக இருக்கட்டும், பெட்ரோலையும் பொறியையும் துண்டித்துவிட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து நான்கு சிலிண்டரையும் அளங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. அப்படிப்பட்ட என்ஜினில் பூஸ்ட் கூட்டுவது ஓட்டை வாளியில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

தேறிவிட்டால் என் வரிசை இது: நல்ல இன்டர்கூலரும் எக்ஸாஸ்டும், பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும், அப்புறம் டைனோவில் உட்கார்ந்து ஈசியு டியூன். அதற்குள்ளேயே கிளட்ச்சும் பிரேக்கும் வந்துவிட வேண்டும். பெரிய டர்போ கடைசி. பூஸ்ட் கூட்டும்போது ஒரே தாவாகத் தாவாமல் 0.1 பாராக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வைட்பேண்ட் எண்ணைத் தாளில் எழுதுங்கள். டியூன் செய்கிறவரிடம் "எத்தனை குதிரை வரும்?" என்று கேட்பதற்கு முன், "எந்தப் பெட்ரோலுக்குச் செய்கிறீர்கள், அண்ணே?" என்று கேளுங்கள்.

என்ஜினே மாற்றிய காடி என்றால் வாகனப் பரிசோதனையும் (புஸ்பாகோம்) ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் முடிந்து, கெரனில் (காடியின் உரிமைப் பத்திரம்) புது என்ஜின் எண் ஏறியிருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

புதுக் குழாய்கள் போட்டு ஒரு வாரம் ஓடியதும், என்ஜின் ஆறிய ஒரு காலையில் எல்லாக் கிளாம்ப்பையும் இன்னொரு முறை முறுக்குங்கள். சிலிகான் சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். என் வீராவில் எப்போதும் இன்டர்கூலரின் வலது பக்கத்துக் கிளாம்ப்தான் அரைச் சுற்று எடுத்துக்கொள்ளும்.